கூலிச் செலவு இல்லையா, தங்கச்சி?

போன வாரம் பாக்கெட்டில் லேபிள் ஒட்டுவது பற்றி எழுதியிருந்தேன். கடலை மிட்டாய் பாக்கெட்டின் மேலேயே 'இதில் நிலக்கடலை உள்ளது' என்று ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டும் என்பதைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "பின்ன உள்ள என்ன கூழாங்கல்லா கெடக்கு?" என்று கேட்டார் என் மாமியார். சிரித்துவிட்டு மறக்காமல் போட்டுவிடுங்கள். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

இந்த வாரம் திருப்பூரிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவருக்கு 28 வயது, ஒரு பெண் குழந்தை. கணவர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

"அக்கா, எங்க அம்மா ஊர்ல கடலை மிட்டாய், எள்ளு மிட்டாய் செஞ்சு திருவிழாக் கடைக்குப் போடுவாங்க. எனக்கும் பதம் தெரியும். அவர் வேலையை விட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்னு இருக்கோம். நாங்க ரெண்டு பேருமே உழைக்கிறதால கூலிச் செலவு இல்லை. லாபம் நல்லா நிக்கும்தானே?"

'கூலிச் செலவு இல்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கடிதத்தை என் கணவரிடம் நீட்டினேன். படித்தார். "அப்படியே நம்ம கதைதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பு பார்க்கப் போய்விட்டார். அந்தக் கதையைச் சொல்கிறேன். இதில் அவர் கொஞ்சம் தோற்கிற மாதிரி வரும். எழுதலாமா என்று கேட்டேன். "நான் தோத்த கதைன்னா எழுது, நீ ஜெயிச்ச கதை மாதிரி எழுதாத" என்றார். முயற்சி செய்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். சுற்றிலும் கரிசல் காடு, அதில் விளைகிற நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. முன்பெல்லாம் கருப்பட்டிப் பாகில் செய்தார்களாம். வெல்லத்துக்கு மாறியது பிறகு. 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரடங்கு நேரம் அது. எங்கள் அடுப்பு அணைந்து கிடந்தது. செய்தியை போனில் பார்த்துவிட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சத்தமாகச் சொன்னதுதான் கொண்டாட்டம். பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்ல விஷயம். கிலோ என்ன ரேட்டுக்கு விற்பது என்பதை மட்டும் நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எங்களுடையது மாமனார் ஆரம்பித்த சின்னப் பட்டறை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு விறகடுப்பு, ஒரு வறுவல் மிஷின், தோல் நீக்க ஒரு சின்ன மிஷின். கூலிக்கு இரண்டு அக்காக்கள். மற்றபடி நானும் அவரும்தான்.

பாகு அவர் வேலை. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி மண் போக்கி, இரும்புச் சட்டியில் ஏற்றுவார். முதலில் நுரை பெரிசு பெரிசாக எழும்பும். பிறகு நுரை சிறுத்து, நிறம் கறுத்து, துடுப்பில் கனம் தெரியும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். விரலில் உருண்டு வந்தால் அது அதிரசத்துப் பதம், எங்களுக்குப் பத்தாது. சொட்டு இறுகி, கிண்ணத்தில் போட்டால் 'டிங்' என்று கேட்க வேண்டும். ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். கொஞ்சம் முந்தி இறக்கினால் பல்லில் ஒட்டும், கொஞ்சம் பிந்தினால் கசக்கும். ஐப்பசி அடைமழையில் அந்தக் கணக்கும் மாறும். ஈரக் காற்று பட்டால் வெல்லம் கசியும் என்பதால் பாகை இன்னும் ஒரு நூல் இறுக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. முழங்கை வரை இருக்கிற தீக்காயத் தழும்புதான் அவருடைய பட்டம் என்று நான் கேலி செய்வதுண்டு.

பதம் வந்ததும் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டுக்கட்டையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வில்லை போட வேண்டும். மேலே கலர் தேங்காய்ப்பூ தூவினால் எங்கள் ஊர் மிட்டாய்.

என் வேலை என்ன என்று கேட்டால் ஒரு மூச்சில் சொல்ல வராது. சொத்தைக் கடலை பொறுக்குவது, எடை போடுவது, பாக்கெட் ஒட்டுவது, தேதி அச்சடிப்பது, பில் எழுதுவது, ஸ்கூட்டியில் லைன் போய்க் கடைகளுக்குச் சரக்கு போட்டு பழைய பாக்கி வசூலிப்பது, சாயந்தரம் பலகையைச் சுரண்டிக் கழுவுவது. நடுவில் வீட்டுச் சமையல், பையனுக்குப் பள்ளிக்கூடம். மாமியார் சுளகை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, மிஷின் விட்டுவைத்த தோலைப் புடைத்துக்கொண்டே இருப்பார். அவர் சுளகு தட்டுகிற சத்தம் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி. யாரும் கவனிப்பதில்லை.

இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. கையில் காசு வரும், போகும். தீபாவளிக்குத் துணி எடுப்போம், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவோம். மாதம் முப்பதாயிரம் மாதிரி நிற்கிறது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், புரட்டாசியில், வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். தீபாவளிக்கு 2,000 கிலோ வேண்டும். கிலோ 160 ரூபாய். லேபிள் வேண்டாம், வெறும் கவரில் போட்டுக் கொடுத்தால் போதும், பணம் 45 நாளில். அப்போது நாங்கள் கடைகளுக்கு 170-க்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் லைன் போயிருந்தேன். திரும்பி வந்தபோது காபி டம்ளர் கழுவாமல் கிடந்தது, என் கணவர் முகம் தீபாவளியாக இருந்தது.

"வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பி.காம். படித்தவள். ஆனால் அந்தப் படிப்பைப் பட்டறையில் கூட்டல் கழித்தலுக்கு மேல் பயன்படுத்தியதில்லை. பையனுடைய பழைய நோட்டில் பின்பக்கம் திருப்பி ஒரு நாள் கணக்கை எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து பாகு, 70 கிலோ மிட்டாய். அப்போதைய ரேட்டு இது, இன்றைக்கு வேறு:

கடலைப் பருப்பு 50 கிலோ – 6,250
வெல்லம் 30 கிலோ – 1,800
குளுக்கோஸ், ஏலக்காய், தேங்காய்ப்பூ – 300
விறகு – 350
கவர், லேபிள் – 840
அக்காக்கள் இரண்டு பேர் கூலி – 900
கரண்ட், பெட்ரோல், இதர – 260
மொத்தம் – 10,700

70 கிலோவை 170-க்கு விற்றால் 11,900. மிச்சம் 1,200. மாதம் 25 நாள் அடுப்பு எரிந்தால் 30,000. நாங்கள் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

160-க்குக் கொடுத்தால் வரவு 11,200. மிச்சம் 500. இரண்டாயிரம் கிலோ செய்ய 29 நாள். ஒரு மாதம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 14,500 ரூபாய். அதுவும் 45 நாள் கழித்து.

அதோடு மூடி வைத்திருக்கலாம். பேனா கையில் இருந்ததால் இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன். நாளைக்கு இவருக்குக் காய்ச்சல் வந்தால் பாகு மாஸ்டர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கம் அன்றைக்கு ஒரு நாள் கூலி 900. நான் படுத்துவிட்டால் பாக்கெட் போட, லைன் போக, கணக்கு எழுத ஒரு ஆள். 600-க்குக் குறைந்து யாரும் வர மாட்டார்கள். இரண்டும் சேர்த்து 1,500.

மிச்சம் நிற்பதோ 1,200.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூட்டலில் தப்பு இல்லை. நாங்கள் எங்கள் பட்டறையில் கூலிக்கு வேலை செய்திருந்தால் முதலாளி எங்களுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் கடன்பட்டிருப்பார். 170-க்கு விற்ற ஒவ்வொரு கிலோவிலும் 4 ரூபாய் 29 பைசா எங்கள் கையிலிருந்து போயிருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு அதைப் பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போதும் பெருக்கவில்லை.

மறுநாள் காலை இதைச் சொல்லப் போய்த்தான் தப்பு செய்தேன். பாகு நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. அது எங்கள் பட்டறைச் சட்டம். அக்காக்கள்கூட ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். நான் நோட்டோடு போய் அடுப்புப் பக்கத்தில் நின்றேன்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. நமக்குக் கூலியே கட்டலை."

"நமக்கு எதுக்குடி கூலி? நாமதான முதலாளி?"

"முதலாளிக்கு லாபம் வரணும்ல? வரலையே."

"அப்ப பன்னெண்டு வருசமா நான் என்ன முட்டாத்தனமா செஞ்சுக்கிட்டு இருக்கேன்?"

"உங்களைச் சொல்லலை, கணக்கைச் சொல்றேன்..."

வாசம் முதலில் அக்காக்களுக்குத்தான் தெரிந்தது. "மதினி!" என்று ஒருவர் கத்தினார். அவர் திரும்பிச் சட்டியை இறக்குவதற்குள் பாகு கறுத்துவிட்டது. ஒரு பாகுக்கு ஆறு கிலோ வெல்லம். அப்படியே வாளித் தண்ணீரை ஊற்றி, சட்டியை வெளியே கொண்டு போய்க் கவிழ்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அக்காக்கள் இரண்டு பேரும் ரொம்ப அக்கறையாகக் கடலை பொறுக்கினார்கள்.

மூன்று நாள் அப்படியே போனது. கணவன் மனைவி சேர்ந்து தொழில் செய்கிற வீடுகளில் இது ஒரு பெரிய கஷ்டம். ஆபீசில் சண்டை போட்டால் வீட்டுக்கு வந்து புலம்பலாம். வீட்டில் சண்டை போட்டால் ஆபீசுக்குப் போய்விடலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே கொட்டகை. 'விறகு தீரப் போகுது' என்று பையனிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் 'தெரியும்னு சொல்லு' என்று பையனிடம் சொல்லி அனுப்பினார். அவன் இடையில் நின்றுகொண்டு, "ஒரு சேதிக்கு ஒரு மிட்டாய்" என்று ரேட்டு பேச ஆரம்பித்துவிட்டான். எங்கள் வீட்டிலேயே உருப்படியாகக் கூலி கேட்டவன் அவன்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது மாமியார்தான் பேச்சை எடுத்தார். அவருக்கு என் மேல்தான் கோபம் என்று எனக்குத் தெரியும்.

"வீட்டு வேலைக்கு எவளாவது கூலி கேப்பாளா? நாங்கல்லாம் கேட்டோமா?"

நான் பதில் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமியார் சுவரில் இருந்த மாமனார் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, அந்த நோட்டுல எங்கணக்கு எங்க இருக்கு?" என்றார் திடீரென்று.

எனக்குப் புரியவில்லை. "என்னத்தை?"

"கடலை புடைக்கிறதுக்கு. வெளி ஆள் வெச்சா என்ன குடுப்பீக?"

நான் எழுதவில்லை. நிஜமாகவே தோன்றவில்லை. என் கூலியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியவளுக்கு, திண்ணையில் சுளகோடு உட்கார்ந்திருக்கிறவர் ஞாபகத்துக்கு வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் புடைத்துக்கொண்டிருக்கிறார். நாற்பத்தைந்து வருடம். வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து, அவர் எதிரிலேயே எழுதினேன்: அத்தை, அரை நாள், 200.

"இன்னுங்கொஞ்சம் போடலாம்" என்றார் அவர்.

அப்போதுதான் என் கணவர் சிரித்தார். மூன்று நாளைக்குப் பிறகு.

சிரித்துவிட்டார் என்பதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. அவருடைய பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "சும்மா அடுப்பு அணைஞ்சு கெடக்கிற நாள்ல ஐநூறு வந்தா அது வரவுதான?" என்று கேட்டார். சரியான கேள்வி. கோடையில், பள்ளிக்கூடம் லீவு விட்டு வியாபாரம் படுத்துக் கிடக்கும்போது 160-க்கு ஒருவர் கேட்டால் நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன். அக்காக்களுக்கு வேலை இருக்கும், கொட்டகைச் செலவு கழியும். ஆனால் அவர் கேட்டது தீபாவளி மாதம். அந்த 29 நாளும் எங்கள் சொந்தக் கடைகளுக்குச் சரக்கு போட முடியாது. போன வருடம் வரைக்கும் கடன் சொல்லாமல் வாங்கினவர்களை நிற்க வைத்துவிட்டு, முன்பின் தெரியாதவருக்கு லேபிள் இல்லாமல் செய்து கொடுக்க வேண்டும். அதோடு அது வடகிழக்குப் பருவமழை. நாலு நாள் விடாமல் பெய்தால் 29 நாள் 35 நாளாகும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டார். ஆனாலும், "வாக்குக் குடுத்துட்டேனே" என்பதிலிருந்து அவரால் வெளியே வர முடியவில்லை. எங்கள் பக்கம் வியாபாரத்தில் முக்கால்வாசி வாயால் சொல்வதுதான். கமிஷன் கடையில் அவருக்குப் பத்து மூட்டைப் பருப்பு கடனுக்கு வருவதே அவருடைய வார்த்தையை நம்பித்தான். அந்த ஆளிடம் போய் 'முடியாது' என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். தனியாக பஸ் ஏறிப் போனார். '600 கிலோ தருகிறேன், கிலோ 175, லேபிளோடு' என்று கேட்டிருக்கிறார். அந்த வியாபாரி எதிரிலேயே இன்னொருவருக்கு போன் போட்டு, 158-க்குப் பேசி முடித்துவிட்டாராம். இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்த வியாபாரி அதன் பிறகு எங்களிடம் வரவே இல்லை. அந்த ஊருக்குப் போனால் இவர் இன்னும் அந்தக் கடையைத் திரும்பிப் பார்ப்பார். அந்தத் தீபாவளிக்கு அக்காக்களுக்குப் போனஸ் கொடுக்க என் வளையலைப் பத்து நாள் அடகு வைத்தோம். ஆர்டரை எடுத்திருந்தாலும் பணம் 45 நாள் கழித்துத்தானே வந்திருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை.

கார்த்திகையில் விலையை ஏற்றினோம். 170 லிருந்து 180. மூன்று பேர் கூலியும் சேர்த்தால் எங்கள் அடக்க விலை 177 ரூபாய்க்குப் பக்கம். அதற்கு மேல் மூன்று ரூபாய்தான் வைத்தோம். மொத்தம் 22 கடை. ஒவ்வொரு கடைக்கும் நானே போய்ச் சொன்னேன். 'என்னம்மா, கடலை ரேட்டா ஏறிடுச்சு?' என்று கேட்டார்கள். கடலை ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "இத்தனை நாள் எங்க வீட்டு ஆள் கூலியைச் சேர்க்காம வித்துட்டோம் அண்ணாச்சி." அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்த தன் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கமாக வாங்குகிற ஐந்து கிலோவை இறக்கச் சொன்னார்.

ஆறு கடைகள் நிறுத்திவிட்டன. அதில் இரண்டு பிறகு திரும்பி வந்தன. நாலு வரவில்லை.

ஒரு நாளைக்கு 70 கிலோ ஓடியது 60 கிலோ ஆனது. முதல் வாரம் எனக்குக் கை நடுங்கியது. பிறகு நோட்டை எடுத்தேன். 60 கிலோவுக்குச் சரக்கு, விறகு, கவர் எல்லாம் 8,177. அக்காக்கள் கூலியும் இதரச் செலவும் மாறாது, 1,160. மொத்தம் 9,337. 180-க்கு விற்ற வரவு 10,800. மிச்சம் 1,463. பத்து கிலோ குறைத்துச் செய்து 263 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. காலையில் நாலு மணிக்குப் பதிலாக ஐந்துக்கு எழுகிறோம்.

ஆனாலும் துண்டு விழுகிறது. இவருக்கு 900, எனக்கு 600, அத்தைக்கு 200 என்றால் 1,700 வேண்டும். 1,463தானே இருக்கிறது? பெரிய விவாதத்துக்குப் பிறகு என்னுடையதையும் அத்தையுடையதையும் முதலில் எடுத்து வைப்பது என்று முடிவானது. மீதி 663 அவருக்கு. "ஊர்லயே மாஸ்டரை விடக் கம்மியா வாங்குற முதலாளி நாந்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். என் கூலி மாதம் 15,000 என் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. வீட்டுக்குத்தான் செலவாகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பையனுக்கு செருப்பு வாங்க நான் கல்லாவைத் திறந்து, 'இருநூறு எடுத்துக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் சொல்வது விலை போடுவதற்கான கணக்கு. வருமான வரிக் கணக்கு வேறு. தனி ஆள் பெயரில் இருக்கிற தொழிலில் முதலாளி தனக்குத் தானே சம்பளம் எழுதி அதைச் செலவாகக் கழிக்க முடியாது. மனைவிக்குக் கொடுக்கிற சம்பளமும், அந்த வேலைக்கான தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இல்லாவிட்டால் கணவரின் வருமானத்தோடே சேர்த்துவிடப்படலாம். இருவரும் பங்குதாரர்களாகப் பத்திரம் எழுதிக்கொண்டால் விதிகள் வேறு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

திருப்பூர்த் தங்கச்சி, இப்போது உங்களுக்கு. லாபம் நிற்குமா என்று கேட்டீர்கள். உங்கள் ஊர் கடலை ரேட்டு, வாடகை, வாங்குகிற கடைகள் எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் ஆம், இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் உடனே வேலையை விட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு பாகு போடுங்கள். வறுப்பது ஒருவர், பாகு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். பாத்திரம் கழுவியதையும், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் அம்மா பதம் சொல்லித்தர வந்தால் அவருக்கும் ஒரு கோடு. அவர் கம்பெனியில் ஒரு நாளைக்கு என்ன வாங்குகிறாரோ அதை அவர் பெயருக்கு நேரே போடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே என்ன போடுவது என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சு ஒரே நாளில் முடியாது. பாகு நேரத்தில் மட்டும் பேசாதீர்கள்.

மூன்று மாதம் அப்படிச் செய்து பாருங்கள். ஒரு மழை மாதம் அதில் வரட்டும். அதற்குப் பிறகு அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர், ஊர் எதுவும் போட மாட்டேன்.

மாமியார் தன் முதல் மாதக் கூலியை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? 5,000 ரூபாயை எண்ணி வாங்கி, சேலை முந்தியில் முடிந்துகொண்டு, மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனார். நானும் வெள்ளி டம்ளர் ஏதாவது வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். புதுச் சுளகு வாங்கினார். மிச்சத்தை மறுபடி முடிந்துகொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "அது எங்கணக்கு" என்றார்.

அடுத்த வாரம்: கடனுக்குச் சரக்கு வாங்கிவிட்டு போனை எடுக்காத கடைக்காரர்களிடம் பணம் வசூலிப்பது எப்படி? இதில் நான் கெட்டிக்காரி.